95 விழுக்காடு யாருக்கு? – அரசாங்கத்தில் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆய்வாளரின் பணி

முன்னுரை

செயற்கை நுண்ணறிவு என்ற சொல் காதில் விழாமல் இன்று ஒரு நாளும் கழிவதில்லை. விரிவுரை மண்டபம் முதல் உணவக மேசை வரை அதே பேச்சுதான். நம் மாணவர்களிடையே இப்பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றி வருகிறது. இக்கருவியைக் கொண்டு இடுபணியை விரைவாக முடிப்பது எப்படி என்பது ஒன்று. பட்டம் பெற்றபின் நமக்குக் கிடைக்க வேண்டிய வேலையை இது பறித்துவிடுமோ என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. உதவித்தொகை, மருத்துவம், கல்வி, நீதி என மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் பணிகளில் ஓர் அரசாங்கம் இக்கருவியைப் பயன்படுத்த முனையும்போது, எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்று ஆராய்ந்து சொல்பவர் யார்?

அவரையே கொள்கை ஆய்வாளர் என்கிறோம். புள்ளியியல் துறையில் இறுதியாண்டு பயிலும் நான், 12 வாரங்கள் ஓர் அரசாங்க அலுவலகத்தின் கொள்கைப் பிரிவில் தொழிற்பயிற்சி மேற்கொண்டேன். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் ஐந்தாண்டு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்துவிட்டு வந்த எனக்கு, அப்படியொரு பணி இருப்பதே அதுவரை தெரியாது. நம்மில் பலருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அப்பணி எத்தகையது, அதில் நம்மவர் இருப்பதால் என்ன பயன் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நம் நாட்டில் இதுவரை நடந்தவை

மலேசியாவில் இத்துறை ஒரே நாளில் முளைத்ததன்று. 2021 முதல் 2025 வரைக்குமான தேசியச் செயற்கை நுண்ணறிவு வழித்தடத்தை அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு வரைந்தது. 2023 டிசம்பரில் இலக்கவியலுக்கெனத் தனி அமைச்சு உருவாயிற்று. 2024 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவு ஆளுமை, நெறிமுறை வழிகாட்டி வெளியிடப்பட்டது. நியாயம், நம்பகமும் பாதுகாப்பும், தனியுரிமை, அனைவரையும் உள்ளடக்குதல், வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, மனித நலன் ஆகிய ஏழு கோட்பாடுகளை அது வலியுறுத்துகிறது. 2024 டிசம்பர் 12ஆம் நாள் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகம் தொடங்கப்பட்டது. 2025இல் தேசிய இலக்கவியல் துறை, பொதுத்துறை அலுவலகங்கள் இத்தொழில்நுட்பத்தைக் கையாள்வதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. அதே ஆண்டில் 445,000 அரசாங்க ஊழியர்களுக்குக் கூகுள் நிறுவனத்தின் ஜெமினி உதவிக் கருவியை வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

சட்டத்தின் பக்கத்தையும் நாம் கவனிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாணிபப் பரிவர்த்தனைகளுக்கானது. மத்திய அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் அது கட்டுப்படுத்தாது. மத்திய அரசாங்கத்தின் துறைகள் தமக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ள வழிவகுக்கும் தரவுப் பகிர்வுச் சட்டம் 2025 ஏப்ரல் 28ஆம் நாள் நடப்புக்கு வந்தது. மேற்கூறிய ஏழு கோட்பாடுகளோ வழிகாட்டிதான். அவற்றை மீறினால் தண்டனை இல்லை. ஆகவே, ஏட்டிலுள்ள கோட்பாட்டை அலுவலக மேசையில் நடைமுறைக்குக் கொண்டு வருகின்ற பொறுப்பு பெருமளவில் அங்குப் பணியாற்றும் அதிகாரிகளையே சார்ந்துள்ளது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவ வேண்டுமானால், அதைச் சமைப்பதற்கு ஆள் வேண்டுமல்லவா?

2. ஆய்வாளர் கேட்கும் நான்கு கேள்விகள்

கொள்கை ஆய்வாளர் என்றவுடன் நாள் முழுவதும் நிரல் எழுதுபவர் என்றே நானும் எண்ணியிருந்தேன். அங்கு யாரும் நிரல் எழுதவில்லை. பல்வேறு பிரிவுகளிலிருந்து வந்து சேரும் முன்மொழிவுகளைப் படித்து, ஒப்பிட்டு, மேலிடத்திற்கு இரண்டு பக்கக் குறிப்பாக எழுதித் தருவதே அவர்களின் அன்றாட வேலை. முன்மொழிவுகளை அட்டவணைப்படுத்தும் பணி எனக்குக் கொடுக்கப்பட்டது. என் மேற்பார்வையாளரான மலாய் அதிகாரி, ஒவ்வொரு முன்மொழிவுக்கும் நான்கு கேள்விகளைக் கேட்டு விடை எழுதும்படி பணித்தார். அக்கேள்விகளை நான் இன்றும் என் குறிப்பேட்டில் வைத்திருக்கிறேன்.

முதலாவது, தீர்க்க வேண்டிய சிக்கல் என்ன? பல முன்மொழிவுகள் கருவியிலிருந்தே தொடங்கின. சிக்கல் என்னவென்று நான்காம் பக்கத்தில்தான் தெரியவரும். முகப்பிடத்தில் வரிசை நீள்வதற்குக் காரணம் விண்ணப்பப் பாரம் புரியாமல் மக்கள் தவறாக நிரப்புவதுதான் என்றால், பாரத்தைத் திருத்தி எழுதினாலே போதும். அதற்கு இயந்திரம் தேவையில்லை.

இரண்டாவது, தரவு எங்கிருந்து வந்தது, அதில் யார் இல்லை? ‘பாடு’ எனப்படும் மத்தியத் தரவுத்தளத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். 2024 ஜனவரி 2ஆம் நாள் தொடங்கிய அதன் பதிவு மார்ச் 31ஆம் நாள் முடிவுற்றது. மூன்று மாத காலத்தில் இணையத்தின்வழி விவரங்களைப் புதுப்பிக்காதவர்கள் எல்லாம் உதவி தேவைப்படாதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? கைப்பேசி இல்லாதவர், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர், சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர், பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர் என உதவி மிகவும் தேவைப்படுபவரே தரவில் இல்லாமல் போகக்கூடும். தரவில் இல்லாதவரைப் பற்றி இயந்திரம் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

மூன்றாவது, இயந்திரம் தவறினால் யாருக்கு என்ன இழப்பு? குப்பை மின்னஞ்சலைத் தவறாகப் பிரித்தால் ஒரு நிமிடம் வீணாகும். உதவித்தொகை விண்ணப்பத்தைத் தவறாக நிராகரித்தால் ஒரு குடும்பம் அம்மாத வாடகையைக் கட்ட முடியாமல் போகும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கலாகாது.

நான்காவது, பாதிக்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவார்? ‘கணினி அப்படித்தான் காட்டுகிறது’ என்ற பதில் ஏற்கத்தக்கதன்று. முடிவை மாற்றும் அதிகாரம் கொண்ட ஓர் அதிகாரியின் பதவி முன்மொழிவிலேயே குறிப்பிடப்பட வேண்டும். பல முன்மொழிவுகளில் இந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது.

3. 95 விழுக்காட்டின் கணக்கு

நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்தபின் வருவது துல்லியம் பற்றிய பேச்சு. கருவியை விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் முன்வைப்பார்கள். எங்கள் கருவி 95 விழுக்காடு துல்லியமானது என்பார்கள். கேட்பதற்கு இனிக்கும் இவ்வெண்ணைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். படிவம் ஐந்து கணிதமே இதற்குப் போதும்.

ஓர் உதவித் திட்டத்திற்கு 100,000 பேர் விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் 1,000 பேர் பொய்யான விவரம் தந்தவர்கள். எஞ்சிய 99,000 பேர் நேர்மையானவர்கள். இரு தரப்பினரையும் 95 விழுக்காடு சரியாக இனங்காணும் இயந்திரம் நம்மிடம் இருக்கிறது. பொய்யர் 1,000 பேரில் 950 பேரை அது பிடித்துவிடும். நேர்மையானவர் 99,000 பேரில் 5 விழுக்காட்டினரை, அதாவது 4,950 பேரைத் தவறாகச் சந்தேகிக்கும். ஆக மொத்தம் சந்தேகப் பட்டியலில் 5,900 பேர். அவர்களுள் உண்மையில் பொய் சொன்னவர் 950 பேர் மட்டுமே. அது 16 விழுக்காடு. ஆறு பேரைச் சந்தேகித்தால் ஐவர் நிரபராதிகள்! 95 என்ற எண் மாறவே இல்லை. ஆனால், பட்டியலில் பெயர் வந்தவர் குற்றவாளி என்று கொண்டால் எத்துணை பெரிய அநீதி நிகழும் என்பது வெள்ளிடைமலை.

இரண்டாவது கணக்கு நம்மை நேரடியாகத் தொடுவது. நம் நாட்டுக் குடிமக்களுள் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் சற்றுக் குறைவு. எளிமைக்காக ஏழு என்றே கொள்வோம். ஓர் இயந்திரம் 93 பேர் கொண்ட பெரும்பகுதியினருக்கு 97 விழுக்காடும், 7 பேர் கொண்ட சிறுபகுதியினருக்கு 68 விழுக்காடும் சரியாக விடை தருகிறது எனில், மொத்தத் துல்லியம் என்ன? 93 பேரில் 90.21, 7 பேரில் 4.76, இரண்டையும் கூட்டினால் 94.97. அறிக்கையில் 95 விழுக்காடு என்றே அச்சாகும். சிறுபகுதியினரில் ஏறக்குறைய மூவருக்கு ஒருவர் தவறான விடை பெறுவதை அந்த எண் வெளியே காட்டாது. யாரும் வேண்டுமென்றே இதைச் செய்யத் தேவையில்லை. சராசரி என்பதன் இயல்பே அதுதான். சிறிய கூட்டத்தின் குறை பெரிய கூட்டத்தின் நிறைவுக்குள் மறைந்துவிடும்.

ஆகவே, ஆய்வாளரின் மிக முக்கியமான வேலை, 95 விழுக்காடு என்று யாராவது சொல்லும்போது ‘யாருக்கு?’ என்று கேட்பதே. மாநிலம், மொழி, வயது, வருமானம் எனப் பிரித்துக் காட்டும்படி கேட்டால்தான் பிரித்துக் காட்டுவார்கள். கேட்காத கேள்விக்கு எந்த அறிக்கையிலும் விடை இருக்காது.

4. பிற நாடுகள் கற்ற பாடம்

இது வெறும் தாள் கணக்கு என்று எண்ணிவிட வேண்டாம். நெதர்லாந்து நாட்டில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்றோருள் மோசடி செய்பவர்களைக் கண்டறிய வரித்துறை கணினி முறை ஒன்றைப் பயன்படுத்தியது. குடியுரிமை அதில் ஓர் ஆபத்துக் குறியீடாகக் கொள்ளப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, பல்லாயிரம் யூரோவைத் திருப்பிக் கட்டும்படி நிர்ப்பந்திக்கப்பட்டன. உண்மை வெளிவந்தபின், 2021 ஜனவரியில் மார்க் ரூட்டே தலைமையிலான அமைச்சரவையே பதவி விலகியது.

ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று பெயர் பெற்ற திட்டம் செயற்கை நுண்ணறிவே அன்று. சாதாரண வகுத்தல் கணக்குதான். ஒருவரின் ஆண்டு வருமானத்தை இருவார வருமானமாகச் சமமாக வகுத்து, அதைக் கொண்டு அவர் உதவித்தொகையை அதிகமாகப் பெற்றுவிட்டார் என்று கணினி கடிதம் அனுப்பியது. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் வேலை செய்த ஏழைக்கு இச்சராசரி எப்படிப் பொருந்தும்? 2020இல் ஏறக்குறைய 470,000 கடன்களுக்காக வசூலித்த 721 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளியைத் திருப்பித் தருவதாக அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது. அரச விசாரணை ஆணையம் 2023 ஜூலையில் தன் அறிக்கையில் அத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

இரண்டு நாடுகளுமே வளம் மிக்கவை, கல்வியில் சிறந்தவை. அங்குத் தொழில்நுட்ப அறிவுக்குப் பஞ்சமில்லை. உரிய நேரத்தில் எழுந்த கேள்விகளுக்குச் செவிசாய்க்காமல் போனதே அங்கு நிகழ்ந்த கேட்டுக்குக் காரணம்.

5. ‘இனம்’ என்ற கட்டத்தை நீக்கினால் போதுமா?

நம் நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 பிப்ரவரியில் சபா, சரவாக் நீதிமன்றங்கள் தண்டனையைப் பரிந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவு முறையைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கின. போதைப்பொருள் வைத்திருந்த குற்றம், பாலியல் வல்லுறவுக் குற்றம் ஆகிய இரண்டுக்கு மட்டுமே அது பயன்படுத்தப்பட்டது. முந்தைய வழக்குகளின் தரவைக் கொண்டு கணினி ஒரு தண்டனையைப் பரிந்துரைக்கும். அதை ஏற்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம். பாகுபாடு ஏற்படலாகாது என்பதற்காக இனம் என்ற விவரம் அம்முறையிலிருந்து நீக்கப்பட்டது.

இது நல்ல முடிவுதான். ஆயினும், புள்ளியியல் மாணவி என்ற முறையில் இதில் இரண்டு சிக்கல்களைக் காண்கிறேன். முதலாவது, இனம் என்ற கட்டத்தை அழித்தாலும் வேறு கட்டங்கள் அதையே சொல்லிவிடக்கூடும். மலேசியாவில் ஒருவரின் பெயரே அவருடைய இனத்தைச் சொல்லும். பெயரை எடுத்துவிட்டாலும் அஞ்சல் குறியீடு, பயின்ற பள்ளி, செய்யும் வேலை ஆகியவை ஓரளவு காட்டிக்கொடுக்கும். இரண்டாவது சிக்கல் இதற்கு நேர்மாறானது. இன விவரமே இல்லாவிட்டால், அம்முறை எல்லா இனத்தாரையும் சமமாக நடத்துகிறதா என்று சோதிக்கவும் வழியில்லை. முடிவெடுக்கும் இயந்திரத்திற்கு இவ்விவரத்தைக் கொடுக்காமல், தணிக்கை செய்பவருக்கு மட்டும் பாதுகாப்பாகக் கொடுப்பது ஒரு வழி. அதற்கு விதி வேண்டும். அவ்விதியை வரைய ஆள் வேண்டும்.

6. நம் பெயரும் நம் மொழியும்

இனி, நம்மவர் மட்டுமே எளிதில் காணக்கூடிய சிலவற்றைப் பார்ப்போம். என் பாட்டியின் பெயர் முனியம்மா. அவருடைய மூன்று ஆவணங்களில் அப்பெயர் உரோமன் எழுத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டுள்ளது. தோட்டப்புறத்தில் பிறந்த நம் முன்னோர் பலருக்கு இதே கதைதான். எழுத்தர் காதில் விழுந்ததே பெயராகிப் போனது. அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தரவுகளை இணைத்தால் சிக்கலில்லை. பழைய பதிவேடுகளைப் பெயரைக் கொண்டு இணைக்கும்போது ஒரே பாட்டி மூன்று பாட்டிகளாகிவிடுவார். அல்லது ஒன்றிலும் அகப்படாமல் போவார். நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பதிலுள்ள சாய்கோட்டை ஏற்காத இணையப் பாரங்களை நாம் எத்தனை முறை சந்தித்திருக்கிறோம்!

மொழிக்கு வருவோம். யுனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டு. ‘அம்மா’ என்ற சொல் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறியீடுகள்; ஆக 15 பைட்டு. அதே பொருள் தரும் ‘இபு’ என்ற மலாய்ச் சொல்லுக்கு உரோமன் எழுத்தில் 3 பைட்டு போதும். மொழி மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. தமிழை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்படாத மாதிரியில் தமிழ்ச் சொல் அதிகத் துண்டுகளாகச் சிதறும். துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலிக்கப்படும்போது, தமிழில் சேவை வழங்குவதற்குக் கூடுதல் செலவாகும். செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது எந்த மொழி முதலில் கைவிடப்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எழுத்துத் தமிழைப் புரிந்துகொள்ளும் இயந்திரமும் நம் பேச்சுத் தமிழில் தடுமாறலாம். ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்பதும், ‘கித்தா மரம்’, ‘பாசார்’, ‘தாமான்’ என்று சொல்வதும் மலேசியத் தமிழரின் நடை. இச்சொற்கள் போதிய அளவு தரவில் இல்லையேல் இயந்திரத்திற்குப் புரியாது. சிங்கப்பூரில் உருவாக்கப்பட்ட ‘சீ-லயன்’ மொழி மாதிரி, தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இது நமக்கு நல்ல செய்தி. முகப்பிடச் சேவையில் ஒரு கருவியை வைக்குமுன் அதைத் தமிழில் பேசிச் சோதித்தீர்களா என்று கேட்க, அந்த அறையில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

நம் முன்னோடிகள் இதற்கு வழிகாட்டியிருக்கிறார்கள். முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ மலேசிய மண்ணில் பிறந்து, உலகத் தமிழர் கணினியில் தமிழ் எழுத உதவியது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடைபெற்றது. எழுத்துரு, குறியீடு என்று அத்தலைமுறையினர் உழைத்திராவிட்டால், இக்கட்டுரையை நான் தட்டச்சு செய்திருக்க முடியாது.

7. நாம் செய்ய வேண்டியவை

‘அரசாங்க வேலை நமக்கெல்லாம் கிடைக்காது’ என்ற பேச்சை என் வீட்டிலும் கேட்டிருக்கிறேன், விடுதியிலும் கேட்டிருக்கிறேன். அக்கூற்றின் பின்னணியிலுள்ள ஏமாற்றத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், விண்ணப்பிக்காத ஒருவரை எந்தச் சேவையும் தேர்ந்தெடுக்க இயலாது. ‘ஓர் இளநிலை அதிகாரியால் என்ன செய்துவிட முடியும்?’ என்றும் கேட்கலாம். முடிவெடுப்பது அமைச்சரும் உயரதிகாரிகளும்தான். அவர்கள் முன் வைக்கப்படும் அட்டவணையில் எந்தெந்த வரிகள் இருக்க வேண்டும் என்பதை, பெரும்பாலும் அட்டவணையைத் தயாரிப்பவரே முடிவு செய்கிறார். என் பயிற்சிக் காலத்தில் ஓர் அட்டவணையில் ‘எந்தெந்த மொழிகளில் சோதிக்கப்பட்டது?’ என்ற நிரலைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். மேற்பார்வையாளர் உடனே சம்மதித்தார். இதுவரை யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னார். தடை சொல்ல எவரும் இல்லாத இடத்தில்கூடக் கேட்க ஆள் இல்லாமல்தான் அந்த நிரல் இல்லாதிருந்தது.

இப்பணியை நாடும் மாணவர்களுக்கு மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறேன். ஒன்று, எந்தத் துறையில் பயின்றாலும் அடிப்படைப் புள்ளியியலைக் கற்றுக்கொள்ளுங்கள். மேற்கண்ட இரண்டு கணக்குகளையும் தாமே போட்டுப் பார்க்கும் அளவு போதும். இரண்டு, மலாய்மொழியில் தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுதப் பழகுங்கள். இரண்டு பக்கத்தில் சொல்ல முடியாத வாதம் மேலிடத்தைச் சென்றடைவதில்லை. மூன்று, தமிழைக் கைவிடாதீர்கள். எஸ்.பி.எம். தேர்வுக்காகச் சனிக்கிழமைகளில் படித்த தமிழ், அந்த அலுவலகத்தில் எனக்கு மட்டுமே இருந்த ஒரு தகுதியாக அமைந்தது.

நம் கழகத்திற்கும் ஒரு வேண்டுகோள். மலேசியத் தமிழர் மருத்துவமனையிலும் அரசாங்க முகப்பிடங்களிலும் உண்மையில் கேட்கும் கேள்விகளைப் பேச்சுத் தமிழிலேயே தொகுத்து, நூறு வாக்கியங்கள் கொண்ட சோதனைப் பட்டியல் ஒன்றைத் தயாரிப்போம். பொதுமக்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு செயற்கை நுண்ணறிவுச் சேவையையும் அதைக் கொண்டு சோதித்து, எத்தனைக்குச் சரியான விடை வந்தது என்று ஆண்டுதோறும் இம்மலரிலேயே வெளியிடுவோம். இதற்குப் பெரும்பணம் தேவையில்லை. இரண்டு வார இறுதியும் பத்து மாணவர்களும் போதும்.

முடிவுரை

செயற்கை நுண்ணறிவு வரலாமா வேண்டாமா என்ற வாதத்திற்குக் காலம் கடந்துவிட்டது. அது வந்துவிட்டது. அது யாருக்கு நன்றாகப் பயன்படுகிறது, யாருக்குப் பயன்படவில்லை என்பதை அளந்து சொல்லும் பணி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சிறிய சமூகமான நாம் சராசரிக்குள் மறைந்துபோவதும், தனி வரியாகத் தெரிவதும் அக்கேள்வியைக் கேட்பவரைப் பொறுத்தது. பட்டமளிப்பு முடிந்ததும் நிர்வாக, அரசதந்திரச் சேவைக்கு விண்ணப்பிக்க முடிவு செய்திருக்கிறேன். கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பம் மட்டும் நிச்சயம் போய்ச் சேரும். ஒரு விண்ணப்பம் பத்தாகவும் நூறாகவும் பெருக வேண்டும். பட்டதாரித் தமிழ் மாணவர்களே, நீங்களும் விண்ணப்பியுங்கள்.